மதர் போயிந்தி

நைனா, இந்தக் கடிதத்தை மனசுக்குள் படிக்காதே, சத்தமாகப் படி. பக்கத்தில் லாவண்யா உட்கார்ந்திருக்க வேண்டும். பாகாலாவில் பிறந்து தெலுங்கிலேயே வளர்ந்த பெண்ணுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் பேசினால் முக்கால்வாசி புரிகிறது. புரியாத இடத்தில் நீ தெலுங்கில் சொல். நீ மட்டும் என்ன பெரிய புலவனா? தெலுங்கு மீடியத்தில் படித்துவிட்டு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாய், ‘ழ’ வந்தால் நின்று மூச்சு வாங்குகிறாய். அதனால் அவசரம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்த பிறகு ஆரம்பி. கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் பெங்களூர் பஸ் ஏறிப் போனதிலிருந்து வீட்டில் பேச ஆளில்லை. போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்கிற அழகு நம் நகரி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதே. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நம் பழைய கம்ப்யூட்டரில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். நன்றாக ஓடுகிறது.

இது நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். எனக்கு நைனா நீ, உனக்கு நைனா உன் அப்பா. அந்த உன் நைனா தறி வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து இதை வாங்கிவிட்டார். எனக்கு டைப்பிங் தெரியும், தமிழும் தெலுங்கும் எழுதத் தெரியும், நகரியில் அந்த இரண்டையும் சேர்த்து அடிக்கிற ஆள் அப்போது இல்லை, அவ்வளவுதான் அவர் போட்ட கணக்கு. கம்ப்யூட்டரை மாட்ட வந்தவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். இது ராம், இது பிராசஸர், இதெல்லாம் உட்கார்ந்திருக்கிற பச்சைப் பலகைதான் மதர் போர்டு என்றார். நீ குனிந்து பார்த்துவிட்டு, அப்படியானால் நைனா போர்டு எங்கே என்று கேட்டாய். உன் நைனாதான் சொன்னார், “நைனா போர்டு வெளிய நின்னுகினு கரண்ட் பில்லு கட்டிகினு இருக்குது.” அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நம் வீட்டில் அதற்கு மதர் என்றே பெயர் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் சூடானால் மதருக்குக் காய்ச்சல் என்பார். மழைக்காலத்தில் அதன் மேல் துண்டு போர்த்துவார்.

அந்தப் பெட்டியை வைத்துத்தான் கடை நடந்தது, நீ படித்தாய், அவர் போன பிறகும் நாம் நிமிர்ந்து நின்றோம். நான் அடித்த கல்யாணப் பத்திரிகைகள் எத்தனை என்று எண்ணி வைத்ததில்லை. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் தெலுங்கு. நம் பக்கத்தில் பாதிக் கல்யாணம் அப்படித்தான், பெண் வீட்டார் ஒன்றைப் படிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் இன்னொன்றைப் படிப்பார்கள். இரண்டு மொழிக்கும் எழுத்துருக்கள் சேர்ந்து வந்த அந்தப் பழைய சாஃப்ட்வேரைப் பற்றி லாவண்யாவுக்குச் சொல்லிவிடு. தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டு கூடவே வந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் பிரிண்டர் மாட்டுகிற அகலமான வாயில் அதைச் சொருகினால்தான் எழுத்து வரும். சொருகாவிட்டால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கும். அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை, அந்தப் பூட்டும் புதிதாகக் கிடைக்காது. இதுதான் பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம்.

உன் கல்யாணம் நிச்சயமானதும் எனக்குள் ஓர் ஆசை வந்தது. அதை உன்னிடம் நேரடியாகச் சொல்லவில்லை, நீயாகவே கேட்பாய் என்று இருந்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பத்திரிகை அடித்தவள், என் பிள்ளைக்கு என் கையால் அடிக்க வேண்டும். நீ போனில், கார்டை ஆபீஸ் நண்பன் வடிவமைக்கிறான், இங்கிலீஷும் தெலுங்கும் போதும், எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிடலாம், யாரம்மா இப்போது கார்டைக் கையில் வாங்குகிறார்கள் என்றாய். நான் சரி என்றேன். அந்தச் ‘சரி’யில் சரி இல்லை என்று உனக்கும் தெரிந்தது. பிறகு நீ, அந்தப் பழைய டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு இங்கே வந்து இரேன் என்றாய். அன்பாகத்தான் சொன்னாய், எனக்குத்தான் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சில நாள் நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, கோபம் மட்டும் வேறாக வருமா?

பேசாமல் அடித்து முடித்து உன் கையில் கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். முதல் நாள் வாசகத்தை அடித்து வைத்தேன். மறுநாள் காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், வயரை மாற்றினேன், உன் நைனா செய்கிற மாதிரி பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டிப் பார்த்தேன். ம்ஹூம். பெட்டியைப் பழைய புடவையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தூக்கிப் போடு என்று இன்னொரு முறை சொல்வாய் என்று பயம்.

திருப்பதியில் பஸ் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் மஸ்தான் பாய் கடை இருக்கிறதே, அங்கேதான் கொடுத்தேன். நல்ல மனிதர். தமிழ் புரியும், படிக்கவும் தெரியும், பேசுவது தெலுங்குதான். என் மகனும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில்தான் இருக்கிறான் என்று அவர் கேட்காமலே சொல்லிவைத்தேன். பெருமை, வேறென்ன. மதியம் வாருங்கள், பார்த்து வைக்கிறேன் என்றார். சரி, அதுவரைக்கும் கார்டு மொத்தக் கடைக்குப் போய் உன் பத்திரிகைக்கு அட்டை பார்ப்போம் என்று கிளம்பினேன். போனை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனது அட்டைக் கடைக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போகச் சோம்பல். யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

நீதான் கூப்பிட்டாய். சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக. மணி அடித்தது, திரையில் ‘மகன்’ என்று வந்தது, மஸ்தான் பாய் எடுத்தார். மகன் கம்ப்யூட்டர்காரன், பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு, நீ ‘அம்மா’ என்று வாயைத் திறப்பதற்குள் மளமளவென்று சொல்லிவிட்டார், “சார், மதர் போயிந்தி சார். அன்னீ செக் சேசினாம். லாபம் லேது.” மதர் போய்விட்டது, எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம், இனிப் பயனில்லை என்று ஒரு மெக்கானிக் சொன்னது உன் காதில் ஒரு டாக்டர் சொன்னதாக விழுந்தது. நீ என்ன கேட்டாயோ, அதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. அவர் அதை மேஜை டிராயரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நீ திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாய், ஸ்விட்ச் ஆஃப். உன் பெரியப்பாவுக்குப் போன் செய்தாய். அவருக்கு என்ன தெரியும், அம்மா காலையிலேயே திருப்பதிக்குப் போனாள் என்றார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. உனக்கு அது போதுமானதாக இருந்தது. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை உண்டு, மகனிடம் சொல்லாமல் தனியாகப் போயிருக்கிறாள், அங்கே எவரோ ஒருவர் அவள் போனை எடுத்துப் பேசுகிறார். ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்திவிட்டது. ஆபீஸிலிருந்து அப்படியே கிளம்பித் திருப்பதி பஸ் ஏறிவிட்டாய்.

ஆனாலும் கம்ப்யூட்டர் படித்தவன், ‘மதர்’ என்றதும் போர்டு ஏன் நினைவுக்கு வரவில்லை என்று ஊரில் எல்லாரும் உன்னைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அந்தக் காரணம் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. உன் நைனா போன அன்று நீ திருப்பதியில் ஹாஸ்டலில் இருந்தாய். உனக்குப் போன் செய்தவர்களிடம் நான்தான் சொன்னேன், பிள்ளை பஸ்ஸில் தனியாக வருவான், கொஞ்சம் சீரியஸ் என்று மட்டும் சொல்லுங்கள் என்று. நம் பக்கம் அதுதானே வழக்கம், செத்த செய்தியை யாரும் போனில் சொல்வதில்லை. நீ நம்பிக்கையோடு வந்தாய். வழியில் அவருக்காகச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தாய். அந்தப் பையோடு தெருமுனையில் திரும்பினபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. அந்தப் பையை உன் கையிலிருந்து வாங்க ரொம்ப நேரம் ஆயிற்று. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தேன். அன்றிலிருந்து உனக்குப் போனில் ‘பரவாயில்லை’ என்றாலே நம்பிக்கை வருவதில்லை. அப்படிப்பட்டவனிடம் ஒருவர் சுற்றி வளைக்காமல் போய்விட்டது என்று சொன்னால், இவ்வளவு நேரடியாகச் சொல்கிறார் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாய். மறுபடி கேட்பதற்கு உனக்கு என்ன இருந்தது?

நான் அந்த நேரத்தில் அட்டைக் கடையில் உட்கார்ந்து தங்க நிறம் ஓரமா, மெரூன் ஓரமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு வருகிறாய், நான் விரலால் அட்டையைத் தடவி வழவழப்புப் பார்க்கிறேன்.

அட்டையை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டு, மூன்று மணிக்கு மேல்தான் கடைக்குத் திரும்பினேன். மஸ்தான் பாய், மதர் போய்விட்டது, உங்கள் மகன் கூப்பிட்டார், அவரிடமும் சொல்லிவிட்டேன் என்றார். நீ கூப்பிட்டாய் என்றதும் மதர் போன துக்கம் எனக்குப் பாதியாகிவிட்டது. போனைச் சார்ஜில் போட்டு, உயிர் வந்ததும் உடனே கூப்பிட்டேன். நீ எடுத்தாய். பேசவில்லை. பின்னால் பஸ் இரைச்சல். என் நம்பரிலிருந்து போன் வந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் என்றுதானே நீ நினைத்திருப்பாய்.

“என்னா நைனா, போன் பண்ணியாமே. மதர் போயிடிச்சின்றாரு மஸ்தான் பாய்” என்றேன்.

கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு உன் குரல், நீ ஐந்தாறு வயதில் காய்ச்சலில் கூப்பிடுவாயே, அந்தக் குரல் வந்தது. “அம்மா, நீதான் பேசறியா?” நான் வேறு யார் பேசுவார்கள் என்றேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். சித்தூர் தாண்டி வந்துகொண்டிருக்கிறேன் என்றாய். அதற்கு மேல் உன்னால் பேச முடியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் உன் போனை வாங்கி, தெலுங்கில், பிள்ளை ஏறினதிலிருந்து அழுதுகொண்டே வருகிறான், நீங்கள் யார் என்று கேட்டார். நான் அவன் அம்மா என்றேன். அவர், நல்லவேளை அம்மா என்றார். அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. மஸ்தான் பாய் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு என்னைவிட முன்னாலேயே புரிந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் நிலையத்தில் நீ இறங்கினபோது உன் சட்டைக் காலர் நனைந்திருந்தது. ஆபீஸ் அட்டை கழுத்தில் அப்படியே தொங்கியது. என்னைக் கட்டிப்பிடிப்பாய் என்று நினைத்தேன், நீ செய்யவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய், சந்தையில் குழந்தையைப் பிடிப்பதுபோல. “எதனா துன்னியா?” என்றேன். இல்லை என்று தலையாட்டினாய். ஓட்டலில் உட்கார வைத்து இரண்டு தோசை தின்னவைத்தேன். நீ சாப்பிடும்போது இடது கை என் முழங்கையிலேயே இருந்தது. அதை நான் கவனித்தேன் என்று உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வெளியில் சொன்னால் பாவம் வரும். பிள்ளை இப்படி அழுதிருக்கிறானே என்று நெஞ்சு வலித்தது, எனக்காக அழுதிருக்கிறானே என்று அதே நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

கடைக்கு வந்தோம். மஸ்தான் பாய் உன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நீ பரவாயில்லை பாய் என்றாய், அந்த ஒரு பரவாயில்லையை அவர் மட்டும் நம்பினார். பிறகு மேஜையில் மூன்று வழி வைத்தார். ஒன்று, போர்டு, பிராசஸர், ராம் எல்லாமே புதிது, வேகமாக ஓடும், ஆனால் நம் பழைய சாஃப்ட்வேர் அதில் ஏறாது. இரண்டு, நம்முடைய அதே போர்டு, எங்கேயோ ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றியது. அதில் கப்பாசிட்டர் என்கிற ஒரு சின்னக் குழல் இப்போதே லேசாக உப்பியிருந்தது, எத்தனை நாள் வரும் என்று அவரே சொல்லவில்லை. மூன்று, நம் பழைய பிராசஸருக்கும் பழைய ராமுக்கும் பொருந்துகிற மாதிரி புதிதாகச் செய்து வருகிற போர்டு. ஆள் புதிது, ஆனால் பின்பக்கத்தில் பிரிண்டர் வாய் கிடையாது. சாக்கெட் பொருந்த வேண்டும், ராம் பொருந்த வேண்டும் என்று அவர் விரல் விட்டுச் சொன்னபோது, கல்யாணத் தரகர் ஜாதகம் பார்ப்பதுபோல இருக்கிறதே என்றேன். காலையிலிருந்து அப்போதுதான் உனக்குச் சிரிப்பு வந்தது.

வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் நீ முதல் வழியைக் கை காட்டியிருப்பாய். உன் கை அந்தப் பக்கம் போனதும் எனக்குத் தெரியும். ஆனால் நீ நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பி, “உனக்கு இதுல என்னாம்மா பண்ணணும்?” என்று கேட்டாய். இத்தனை வருஷத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் சொன்னேன். பூட்டு வேலை செய்ய வேண்டும். அக்காள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையை வைத்துக்கொண்டு தங்கை கல்யாணத்துக்கு அடிக்க வருவார்கள், அந்தப் பழைய ஃபைல் திறக்க வேண்டும். என் விரலுக்குப் பழகின கீயில் எழுத்து வர வேண்டும். வேகம் எனக்கு வேண்டாம், நானே வேகமாக அடிப்பதில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, உன் பத்திரிகையை என் கையால் அடிக்க வேண்டும் என்று கடைசியாக, அட்டைக் கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மூன்றாவது போர்டை எடுத்து போன் வெளிச்சத்தில் மூலை மூலையாகப் பார்த்தாய். ஓரத்தில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்ன ஊசிகள் நின்றன. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று எழுத்து. பிரிண்டர் வாய்க்கு உண்டான ஊசிகள் இருக்கின்றன, வாயைத்தான் வெளியில் வைக்காமல் விட்டிருக்கிறார்கள், இதற்கு ஒரு கேபிள் இருந்தால் போதும் என்றாய். மஸ்தான் பாய் பழைய சாமான் பெட்டியைக் கவிழ்த்து, நீங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தேடி, ஒரு பட்டையான கேபிளை எடுத்தீர்கள். மாட்டிப் பூட்டைச் சொருகினதும் நான் ‘அ’ என்று அடித்தேன். கட்டம் வரவில்லை. ‘அ’ வந்தது.

வடமாலபேட்டை வழியாகத் திரும்பி வந்தோம். பெட்டியை உன் மடியில் வைத்துக்கொண்டாய், என்னிடம் தரவில்லை. ராத்திரி வீடு வந்ததும் நீயே வயர் எல்லாம் மாட்டினாய். நான் அடித்து வைத்திருந்த உன் பத்திரிகை அப்படியே திறந்தது. அதை நீ படிக்க ஆரம்பித்தாய், எழுத்துக்கூட்டி. அழைப்பவர்கள் என்ற இடத்தில் உன் பெரியப்பா பெயரும் பெரியம்மா பெயரும் இருந்தது. கீழே, தெய்வத்திரு என்று போட்டு உன் நைனா பெயர். இன்னொரு தடவை மேலிருந்து படித்தாய். அம்மா, உன் பெயர் எங்கே என்று கேட்டாய்.

நான் அதை ஒரு விஷயமாகவே நினைத்திருக்கவில்லை. நம் பக்கத்துப் பல வீடுகளில் தாலி இல்லாதவள் பெயரில் அழைக்கமாட்டார்கள், சுமங்கலியாக இருக்கிற ஒரு ஜோடியின் பெயரில்தான் அழைப்பார்கள். எழுதிக்கொண்டு வருகிற தாளில் அந்த அம்மாக்களின் பெயர் இருக்காது, நானும் இல்லாமலே அடித்துக் கொடுப்பேன். எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்து கை பழகிவிட்டது, எனக்கும் அப்படியே செய்துவிட்டேன். இதை உனக்கு விளக்கிச் சொன்னேன். பெரியப்பா என்ன நினைப்பார், பாகாலாக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றேன். நீ கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பாயே, அதில் உனக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராவிட்டாலும் எந்தக் கீயில் எது வரும் என்று விரலுக்குத் தெரியும். ஒற்றை விரலால் என் பெயரை அடித்தாய். பெரியப்பா பெயருக்கு மேலே, முதலில். அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாய்.

“காலைலர்ந்து நீ இல்லன்னு நெனச்சிகினு வந்தேம்மா. கார்டுலயும் நீ இல்லன்னா எப்டி?”

நான் சமையல் அறைக்குப் போய்விட்டேன். அரிசி களைய என்று சொல்லிக்கொண்டு போனேன், அன்றைக்கு நாம் சோறு வடித்தது எப்போது என்று உனக்கே தெரியும். திரும்பி வந்து பார்த்தால் என் பெயரில் ஓர் ஒற்றைப் புள்ளி வைக்காமல் விட்டிருந்தாய். அதைத் திருத்தினேன். அழுகை வேறு, தொழில் வேறு.

உன் பெரியப்பாவிடம் நான்தான் பயந்துகொண்டே பத்திரிகையைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிப் படித்தார். தம்பி பொண்டாட்டி பெயர் மேலே இருக்கிறதே, என் பெயருக்குக் கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போட்டிருக்கலாமே என்றார். அவ்வளவுதான் அவர் சண்டை. லாவண்யா, உன் அப்பா தெலுங்குப் பக்கத்தைப் படித்துவிட்டு என் பெயருக்குக் கீழே விரலை வைத்து, சந்தோஷம் வதினா என்று அண்ணி முறை வைத்துச் சொன்னது உனக்குத் தெரியுமா? உன் வீட்டில் நீ இதைச் சொல்ல வேண்டும், அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரை மறக்கமாட்டேன். கல்யாணம் முடிந்த வாரமே ஒரு அம்மாள் பெண்ணுக்குப் பத்திரிகை அடிக்க வந்தாள், அவளும் என் மாதிரிதான். தாளில் அவள் பெயர் இல்லை. உங்கள் பெயர் என்னம்மா என்று கேட்டேன். எதுக்கு என்றாள். சும்மா சொல்லுங்கள் என்றேன். சொன்னாள். அடித்துக் காட்டினேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருக்கட்டும் என்றாள்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் இரண்டு பாஷை ஓடும். லாவண்யா, இவன் தமிழில் ஒன்று சொல்வான், உனக்குத் தெலுங்கில் வேறாகக் கேட்கும், நீ சொன்னது இவனுக்கு வேறாகக் கேட்கும். கோபம் வருவதற்கு முன்னால், அழுகை வருவதற்கு முன்னால், என்ன சொன்னாய் என்று இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. வீட்டுக்கு ஒரு சாமான் வாங்கினாலும், எது உசத்தி என்று பேச ஆரம்பிக்காமல், உனக்கு இதில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். நைனா, அந்த ஒரு கேள்வியை நீ கேட்டதால்தான் இந்தப் பெட்டி ஓடுகிறது, இந்தக் கடிதமும் வருகிறது. நான் உங்களிடம் வந்து இருப்பதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். மதர் புதிது, கடையில் வேலை இருக்கிறது, கை நடுங்க ஆரம்பித்தால் நானே சொல்வேன்.

கடைசியாக ஒன்று, இதை நிதானமாகப் படி. அந்தப் போன் இன்னொரு நாள் உனக்கு வரும். இப்போது இல்லை, நான் நன்றாக இருக்கிறேன், மாத்திரை வேளைக்குப் போடுகிறேன். ஆனால் ஒரு நாள் வரும். உன் நைனா விஷயத்தில் செய்ததை என் விஷயத்தில் செய்யக்கூடாது என்று உன் பெரியப்பாவிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவைத்துவிட்டேன். சீரியஸ் என்று சொல்லக்கூடாது, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அதனால் எவராவது உன்னிடம் மதர் போய்விட்டது என்று சொன்னால் பதறாதே, அது போர்டு. மஸ்தான் பாய்கூட இப்போதெல்லாம் பயந்துகொண்டு போர்டு போயிந்தி என்றுதான் சொல்கிறார். அம்மா என்று சொன்னால் மட்டும் அது நான். அப்போதும் ஒரு தடவை கேட்டுக்கொள், தப்பில்லை. அதற்குப் பிறகு தனியாக பஸ் ஏறாதே நைனா, லாவண்யாவைக் கூட்டிக்கொண்டு வா. சித்தூரில் வண்டி நிற்கும். இரண்டு பேரும் இறங்கி எதையாவது தின்றுவிட்டு வாருங்கள். எதனா துன்னியா என்று கேட்பதற்கு நான் அங்கே இருக்கமாட்டேன்.